வாங்க வந்தவரிடம் கேட்காமல் விட்டது: துடியலூர் வீடு ஒன்றின் விற்பனை

31 வருடம் வங்கியில் இருந்தவன் நான். அதில் பாதிக்கு மேல் வீட்டுக்கடன் மேசையில். கடன் கேட்டு வருகிறவர்களிடம் சம்பளச் சீட்டு எங்கே, ஆறு மாதக் கணக்கு எங்கே, வேறு எங்கெல்லாம் தவணை ஓடுகிறது என்று கேட்டுக் கேட்டு வாய் தேய்ந்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் சொந்த அக்காவின் வீட்டை விற்க உட்கார்ந்தபோது, வாங்க வந்த மனிதரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. "காபிங்களா, மோருங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

அந்த மோருக்கு அக்கா கொடுத்த விலை ஒன்பது மாதமும் ஒன்றரை லட்ச ரூபாயும். வக்கீல் செலவு தனி. முதல் தடவை எங்கே கோட்டை விட்டோம் என்பது ஞாபகத்தில் இருப்பதாலும், இரண்டாம் தடவை எப்படிச் சலித்தோம் என்பதைத் தேதிவாரியாக எழுதி வைத்திருந்ததாலும் இதைச் சொல்ல முடிகிறது. இரண்டாம் தடவைக்கான நோட்டு அக்காவுடையது. முதல் தடவைக்கு நோட்டே கிடையாது.

வீடு

கோவை துடியலூரில், மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஐந்தேகால் சென்ட். 1998ல் மாமா கட்டியது. கீழே இரண்டு படுக்கையறை, முன்னால் வேம்பு, பின்னால் கருவேப்பிலையும் துணி துவைக்கிற கல்லும். 2009ல் மாடியில் ஓர் அறை எடுத்தார்கள், அனுமதி வாங்காமல். அந்தக் காலத்தில் எங்கள் வீதியில் யாரும் வாங்கவில்லை. பத்திரமும் பட்டாவும் அக்கா பேரில்தான். 2021ல் மாமா போய்ச் சேர்ந்தார், பையன் பெங்களூரில். அக்காவுக்கு முட்டி வலி. லிஃப்ட் இருக்கிற அபார்ட்மெண்ட் ஒன்றுக்குப் போய்விட வேண்டும், அதற்கு இந்த வீட்டை விற்க வேண்டும்.

85 லட்சம் என்று மனதில் வைத்திருந்தோம். புரோக்கர் ஒரு சதவீதம் கேட்டாலே 85,000 போகும், நாமே விற்றுக்கொள்ளலாம் என்று சொன்னவன் நான்தான். ஒன்றை மறந்துவிட்டேன். நல்ல புரோக்கர் வாங்குகிற கமிஷனில் பாதி, ஆள் பிடித்து வருவதற்கு இல்லை. வெட்டி ஆள்களை வாசலுக்கு வராமல் தடுப்பதற்கு. "அந்தப் பார்ட்டி பேசும், முடிக்காதுங்க" என்று அவருக்குத் தெரியும். புரோக்கர் வேண்டாம் என்றால் அந்த வேலை நம் தலையில் விழுகிறது.

முதல் ஆள்

2023 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டில் கிரையப் பத்திரத்துக்கான பதிவுக் கட்டணம் 4 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைந்தது. முத்திரைத்தீர்வை 7 சதவீதத்தையும் சேர்த்தால் 11 ஆக இருந்தது 9 ஆயிற்று. அதே நாளில், பதிவுக்காக அரசு வைக்கிற வழிகாட்டி மதிப்பை ஏற்றியும் விட்டார்கள், அது வேறு பாடு. ஆனாலும் "இப்ப வாங்குனா லாபமுங்க" என்று ஊரில் ஒரு பேச்சு ஓடியது. அந்தப் பேச்சோடு மே மாதத்தில் ஒருவர் வந்தார்.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நல்ல கார். செருப்பை வாசலிலேயே விட்டார். திண்ணையில் உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில் எந்தக் கூட்டம் (குலம்), எந்தக் கோயில் என்ற விசாரணை முடிந்து, "அட, அப்ப நமக்கு மாமன் முறையாகுதுங்களே" என்றார். அக்கா முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே போய் நல்ல டம்ளரை எடுத்தாள்.

கொங்கு நாட்டில் வாங்க வந்தவரை விசாரிப்பது இல்லை என்று சொல்ல முடியாது. விசாரிக்கிறோம், ஆனால் வேறு எதையோ விசாரிக்கிறோம். யாரு வீடு, யாருக்குச் சொந்தம், பொண்ணு எடுத்தது எங்கே. பதில் தெரிந்த முகமாக இருந்தால் அதோடு நிம்மதி. அதற்குப் பிறகு பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பது மரியாதைக் குறைவாகப் படுகிறது. ஒறம்பரையிடம், அதாவது சொந்தக்காரரிடம், யாராவது அதைக் கேட்பார்களா?

வீட்டை அவர் பத்து நிமிடம் கூடப் பார்க்கவில்லை. குளியலறைக் கதவைத் திறக்கவில்லை. "லட்சுமிகரமா இருக்குதுங்க, அருமையான வீடு" என்றார். எங்கள் அப்பா பொள்ளாச்சிச் சந்தைக்கு மாடு பிடிக்கப் போகும்போது என்னையும் சில தடவை கூட்டிப் போயிருக்கிறார். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். மாட்டைத் தடவிக் கொடுத்து அழகு பேசுகிறவன் போய்விடுவான். வாயைப் பிளந்து பல்லை எண்ணி, "காலு கோணலா வைக்குதே" என்கிறவன்தான் கடைசியில் கயிற்றைப் பிடிப்பான். எட்டு வயதில் கண்ணால் பார்த்தது, அறுபத்தி இரண்டு வயதில் ஞாபகம் வரவில்லை.

85க்கு ஒப்புக்கொண்டார், பேரம் கூட இல்லை. அதுவே மணி அடித்திருக்க வேண்டும். இரண்டு லட்சம் அட்வான்ஸ், ஆறு மாதக் கெடு. அவர் பதினொரு மாதம் கேட்டார், நான் குறைத்தேன். ஏதோ சாதித்த நினைப்பு எனக்கு. 2012 டிசம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். முறைப்படி பதிந்தோம். வரைவை அவரே எழுத்தரிடம் எழுதிக் கொண்டுவந்தார். அதில் ஒரு வரி: "தங்களுக்கோ அல்லது தங்களால் காட்டப்படும் நபருக்கோ கிரையம் செய்து கொடுக்க."

அந்த வரியை நானும் படித்தேன். மனைவி பேரிலோ மகன் பேரிலோ எழுதிக்கொள்வார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலையில் அவர் மூன்று பேரோடு வந்தார். "சித்தெ வீட்டப் பாத்துக்கறோமுங்க அக்கா." வந்தவர்களில் ஒரு பெண்மணி சமையலறையில் அக்காவிடம், "96ன்னு சொல்றாங்க, கொஞ்சம் கொறைப்பாங்களா?" என்று கேட்டார். தோசைக்கல்லை அடுப்பில் வைத்திருந்த அக்கா அதை இறக்கி வைத்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். "தம்பி, நம்ம ஊட்ட அவரு விக்கறாரு."

அவர் வீடு வாங்க வந்தவரே இல்லை. இரண்டு லட்சத்தைப் போட்டு ஆறு மாதம் வீட்டைக் கட்டிப் போட்டு, 96க்கு ஆள் பிடித்தால் 11 லட்சம் கையில். ஆள் கிடைக்காவிட்டால் கெடுவை நீட்டச் சொல்லலாம். சட்டப்படி இதில் தப்பு எதுவும் இல்லை. ஒப்பந்தத்தில் அதற்கு நாங்களே கையெழுத்துப் போட்டிருந்தோம். இப்படிக் கை மாற்றி விடுவதைத் தொழிலாகவே செய்கிறவர்கள் கோவையைச் சுற்றி நிறையப் பேர்.

நவம்பரில் கெடு முடிந்தது. பணம் வரவில்லை, வக்கீல் நோட்டீஸ் வந்தது. பணம் தயாராகவே இருந்ததாம், மாடி அறைக்கு அனுமதிப் படம் தராமல் நாங்கள்தான் இழுத்தடித்தோமாம். அதற்குள் வேறு இருவர் வீடு கேட்டு வந்தார்கள். வில்லங்கச் சான்றிதழில் இந்த ஒப்பந்தம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் வக்கீல் பொறுமையாகச் சொன்னார். கெடு முடிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் அவர் வழக்குப் போடலாம். 2018ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்வதும் மறுப்பதும் நீதிமன்றத்தின் விருப்பம் என்ற பழைய நிலை இல்லை. ஆனால் பணத்தோடு தயாராக இருந்தேன் என்பதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். "அவரு பணத்தப் பத்தி உங்ககிட்ட என்ன பேப்பர் இருக்குதுங்க?" என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் வக்கீலின் மேசை மேலிருந்த பேப்பர்வெயிட்டைப் பார்த்தேன்.

ஒப்பந்தத்தை ரத்து செய்ய ஐந்து லட்சம் கேட்டவர், கோர்ட்டில் கணக்கு காட்ட வேண்டி வரும் என்றதும் இறங்கினார். வாங்கிய இரண்டு லட்சத்தோடு ஒன்றரை லட்சம் சேர்த்துக் கொடுத்து, 2024 பிப்ரவரியில் ரத்து ஒப்பந்தம் பதிவானது. அட்வான்ஸ் கொடுத்தவர் கட்டுப்படுகிறார் என்று நினைத்திருந்தோம். இரண்டு லட்சத்துக்கு அவர் கட்டுப்பட்டார். 85 லட்சத்துக்கு நாங்கள் கட்டுப்பட்டோம்.

நோட்டு

சித்திரையில் மறுபடி போர்டு வைத்தோம். இந்தத் தடவை அக்கா 80 பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஸ்கேலால் கோடு போட்டாள். ஆள் எங்கிருந்து, பணம் எப்படி, எப்போது முடியும், முடிவு யார் கையில். நான்கே பத்தி. கூட்டம், கோயில் என்ற பத்தி அதில் இல்லை. பெரியப்பா மகன் ஒருவர் வந்தபோது நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "யாரு என்னன்னு பாத்துக் குடுங்க, நம்மாளுகளுக்கே குடுத்தா வீதி கெடாது" என்றார். அக்கா, "போன தடவ நம்மாளுதான் வந்தாருங்ணா" என்றாள். அவர் மேற்கொண்டு பேசவில்லை. சாதி கேட்டு வீடு விற்பது அநியாயம் என்பது ஒரு பக்கம். விற்கிறவரின் கணக்கில் பார்த்தாலும் அது உதவாத சல்லடை. ஒருவர் இன்னார் மகன் என்று தெரிந்துகொள்வதால் அவர் வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவிடாது.

பணத்தைப் பற்றிக் கேட்பதுதான் கஷ்டம். முதல் வாரம் நான் போனில் பேசியது வங்கி மேசைப் பேச்சாகப் போய்விட்டது. ஒருவர், "ஏனுங்க, வீடு விக்கறீங்களா, பொண்ணு குடுக்கறீங்களா?" என்று வைத்துவிட்டார். போனை அக்கா வாங்கிக்கொண்டாள். அவள் கேட்ட விதம் என் 31 வருட அனுபவத்தில் நான் கற்காதது. முதலில் தன் வீட்டுக் குறையைச் சொன்னாள்.

"மாடி ரூமுக்கு அப்ரூவல் இல்லீங்க. பேங்குல அத மதிப்புல சேக்க மாட்டாங்க. மொதல்லயே சொல்லிடறேன். அதனாலதான் கேக்கறனுங்க, லோன் போட்டு வாங்கறீங்களா, கைப்பணமுங்களா?"

தன் குறையைத் திறந்து காட்டிவிட்டுக் கேட்கிறவரிடம் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பதிலும் நேராக வருகிறது. இன்னொரு பலனும் உண்டு: அந்தக் குறையைப் பிறகு யாரும் ஆயுதமாக எடுக்க முடியாது. நவம்பர் நோட்டீஸில் எங்களைக் குத்தியது அந்த மாடி அறைதானே.

நான்கு மாதத்தில் நோட்டில் ஏறிய அழைப்பு 57. வீட்டுக்கு வரச் சொன்னது 14 பேரை. மீதியில் பெரும்பங்கு "பார்ட்டி ரெடியா இருக்குதுங்க, கடைசி வெலை என்ன?" என்று கேட்ட புரோக்கர்கள். பத்திர நகலை வாட்ஸ்அப்பில் கேட்டவர்களும் உண்டு. சர்வே எண்ணைக் கொடுத்தோம். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் யாரும் பார்த்துக்கொள்ளலாம், அதில் ஒளிக்க எதுவும் இல்லை. ஆதார், பான், கையெழுத்து உள்ள பக்கம் மட்டும் விலை படிந்த பிறகுதான். ஒருவர் ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி, வீட்டைப் பார்க்காமலே 85க்குச் சரி என்றார். டோக்கன் அனுப்புவதாகச் சொல்லி ஒரு க்யூஆர் கோடு அனுப்பினார், ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் வருமாம். பணம் வாங்குவதற்கு யாரும் பின் நம்பர் போட வேண்டியதில்லை. போட்டால் நம் பணம்தான் போகும். அக்கா அந்த எண்ணைச் சிவப்பு மையில் எழுதி, பக்கத்தில் 1930 என்று சைபர் குற்ற உதவி எண்ணையும் எழுதி வைத்தாள்.

வீட்டைக் காட்டுவது ஞாயிறு 10 மணியிலிருந்து 12 வரை மட்டும். தனியாக இருக்கிற பெண்பிள்ளை, அதனால் நானோ எதிர்வீட்டு டீச்சரோ கட்டாயம் இருப்போம். பீரோ இருக்கிற அறையை ஒரு தடவை திறந்து காட்டிவிட்டுப் பூட்டிவிடுவாள். வந்த வண்டி எண்ணை டீச்சர் தன் வாசலில் நின்றபடியே குறித்துக்கொள்வார்.

மூன்று பேர்

விலை பேசும் வரை வந்தது நான்கு குடும்பம். மூன்றை நாங்கள் விட்டோம். மூன்றும் நல்ல மனிதர்கள் என்பதால் விடுவது சிரமமாக இருந்தது.

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர் ஒருவர். பணம் இருக்கிறது, சந்தேகமே இல்லை. மகளுக்காக வாங்குகிறார். "88 கூடத் தர்றனுங்க, பத்திரத்துல கைடுலைன் போட்டுக்கலாம்" என்றார். வழிகாட்டி மதிப்பு மனையும் கட்டடமும் சேர்த்து 58 லட்சம் சுமாருக்கு வந்தது. அப்படியென்றால் 30 லட்சம் ரொக்கமாக, பையில். பதிவுச் செலவில் அவருக்கு மிச்சமாவது 2 லட்சத்து 70 ஆயிரம். எங்களுக்கு? அசையாச் சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது 2015 ஜூன் முதல் வருமானவரிச் சட்டத்தில் இருக்கிறது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம், அதுவும் வாங்கியவருக்கு, கொடுத்தவருக்கு அல்ல. இதுபோக அக்கா அடுத்து ஃப்ளாட் வாங்க வேண்டும். விற்ற வீட்டு லாபத்துக்கு வரி விலக்கு வேண்டுமென்றால் இரண்டு வருடத்துக்குள் இன்னொரு வீடு வாங்க வேண்டும். அதற்குக் கணக்கில் உள்ள பணம் வேண்டும். 30 லட்சத்தைப் பையில் வைத்துக்கொண்டு எந்த பில்டரிடம் போய் நிற்பாள்?

அக்கா அவரிடம், "முழு வெள்ளைன்னா 83க்குக் கூடத் தர்றனுங்க" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே, "எங்க தொழில்ல வெள்ளையாப் புரட்டறது செரமமுங்கம்மா" என்றார். ஒளிக்காமல் சொன்னார். மோர் குடித்துவிட்டுப் போனார். இந்த ஒரு நிபந்தனையில் மட்டும் நோட்டில் பதினேழு பேர் அடிபட்டார்கள்.

அடுத்தது சரவணம்பட்டியில் ஐ.டி. வேலையில் இருக்கும் இளம் தம்பதி. இருவர் சம்பளம், கடன் தாராளமாகக் கிடைக்கும். அந்தப் பெண் வேப்ப மரத்தடியில் நின்று, "ஆன்ட்டி, இத வெட்டவே மாட்டோம்" என்றதும் அக்கா பாதி விற்றே விட்டாள். நான் ஒரு தாளை எடுத்தேன். வங்கிக்காரன் புத்தி.

30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்கு, சொத்து மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் வரம்பு. 85 லட்சத்துக்கு 68 லட்சம் என்று அவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள், 17 லட்சம் கைப்பணமும் வைத்திருந்தார்கள். ஆனால் வங்கி எடுத்துக்கொள்வது நாம் பேசிய விலையை அல்ல. விலை, வங்கி இன்ஜினீயரின் மதிப்பு, இரண்டில் எது குறைவோ அதை. மாடி அறையை அவர் கழித்துவிட்டு 78 என்று எழுதினால் கடன் 62 லட்சத்து 40 ஆயிரம்தான். கையிலிருந்து 22 லட்சத்து 60 ஆயிரம். அதன் மேல் முத்திரையும் பதிவும் 9 சதவீதம், 7 லட்சத்து 65 ஆயிரம். அதற்கு வங்கி கடன் தராது. ஆக 30 லட்சத்துக்கு மேல் வேண்டும், இருப்பது 17.

அந்தப் பையன் தாளை இரண்டு தடவை பார்த்தான். "எங்களுக்கு யாருமே இத சொல்லல சார்." பெற்றோரிடம் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் வேண்டாம் என்று செய்தி வந்தது. அன்றே டோக்கனாக ஒரு லட்சம் தருவதாகத்தான் வந்திருந்தார்கள். வாங்கியிருந்தால் ஆவணியில் அந்த ஒரு லட்சத்துக்காக அந்தப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டியிருப்போம்.

மூன்றாவது, சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர். ஊரில் ஒரு காடு, அதாவது விவசாய நிலம், இருக்கிறது, அதை விற்றுத்தான் இதை வாங்குவார். காட்டுக்கு ஆள் ரெடி என்றார். "அக்ரிமெண்ட் ஆயிருச்சுங்களா?" என்று அக்கா கேட்டாள். இல்லை, வாய்ப்பேச்சுதான். நம் வீட்டு விற்பனை அவர் காட்டு விற்பனையில் தொங்குகிறது, அந்தக் காட்டை வாங்குகிறவர் பணம் எதில் தொங்குகிறதோ. அக்ரிமெண்ட் ஆன பிறகு வாருங்கள், வீடு இருந்தால் உங்களுக்குத்தான் என்று அனுப்பினோம்.

குறை சொன்னவர்கள்

ஆனி மாதம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் பார்க்கிறவரும், நர்ஸாக வேலை பார்க்கும் அவர் மனைவியும் வந்தார்கள். அந்தம்மா வந்ததுமே கேட்டது: "சிறுவாணித் தண்ணிங்களா, அத்திக்கடவுங்களா? எத்தன நாளைக்கு ஒருக்கா விடறாங்க?" பிறகு குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, வடிகிறதா என்று நின்று பார்த்தார். வீட்டுக்காரர் மாடி ஏறி, அறைக்கும் பழைய கட்டடத்துக்கும் நடுவில் இருந்த விரிசலில் விரல் நகத்தை விட்டுப் பார்த்தார். "ஜாயிண்ட்டு சரியாப் போடலீங்க, மழைக்கு எறங்கும்." இறங்கத்தான் செய்கிறது. அக்கா முகம் வாடியது. எனக்கோ பொள்ளாச்சிச் சந்தையில் பல் பிடித்துப் பார்க்கிற சத்தம் காதில் கேட்டது.

இரண்டாம் தடவை சொல்லாமல் ராத்திரி எட்டு மணிக்கு வீதி முனையில் வண்டியை நிறுத்திச் சத்தம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனார்களாம், டீச்சர் பார்த்திருக்கிறார். மூன்றாம் தடவை மழையில் வந்தார்கள். ஆடி பிறக்கப் போகிறது, கோயிலில் பூ கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். சிலர் இதைத் தட்டிக் கழிப்பதாக எடுத்துக்கொள்வார்கள். சாமியிடம் வெள்ளைப் பூவா சிவப்புப் பூவா என்று கேட்கப் போகிறவர்கள், மனதுக்குள் ஏற்கெனவே குடி வந்துவிட்டவர்கள் என்பது என் எண்ணம். வெள்ளைப் பூ வந்ததாம்.

பணம் எப்படி என்று அக்கா கேட்டதற்கு அந்தம்மாவே பதில் சொன்னார். வங்கி 60 லட்சம் வரை தருவதாக எழுதிக் கொடுத்த கடிதம், அவர் பேரில் 19 லட்சத்துக்கு வைப்புத்தொகை, வீட்டுக்காரரின் பி.எஃப்.பில் எடுக்கிற தொகை, மிச்சத்துக்கு நகை. வைப்புத்தொகை ரசீதைக் காட்டும்போது கணக்கு எண்ணின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டார். அவரை எனக்குப் பிடித்துப்போனது அந்தக் கட்டைவிரலில்தான்.

83 லட்சத்துக்குப் படிந்தது, விரிசலுக்காக இரண்டு குறைத்தார்கள். கையிலிருந்து அவர்கள் போட வேண்டியது 23 லட்சமும் பதிவுச் செலவு 7 லட்சத்து 47 ஆயிரமும். தாளில் கூட்டிப் பார்த்தோம், எட்டியது.

ஆடியில் எதுவும் செய்யவில்லை. ஜூலை 23ஆம் தேதி பட்ஜெட்டில், சொத்து விற்ற லாபத்துக்கான நீண்டகால மூலதன ஆதாய வரியை 12.5 சதவீதமாக்கி, வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப ஏற்றிக் கணக்கிடுகிற சலுகையை எடுத்துவிட்டதாக அறிவிப்பு வந்தது. அக்கா இரண்டு நாள் தூங்கவில்லை. அதற்கு முன் வாங்கிய சொத்துகளுக்குப் பழைய 20 சதவீத முறையிலும் கணக்கிட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம் என்று பிறகு திருத்தினார்கள். அவள் ஃப்ளாட் வாங்கப் போவதால் இரண்டுமே பெரிதாகத் தொடவில்லை.

ஆவணி பிறந்ததும் ஒப்பந்தம். வரைவை இந்தத் தடவை எங்கள் வக்கீல் எழுதினார். "காட்டப்படும் நபர்" இல்லை. அட்வான்ஸ் பத்து சதவீதம், 8 லட்சத்து 30 ஆயிரம், கணக்குக்குக் கணக்கு. கெடு 75 நாள். பத்திரக் குறையால் வங்கி மறுத்தால் முழுப் பணமும் திரும்ப. அவர்களாகப் பின்வாங்கினால் எவ்வளவு பிடித்தம் என்பது எண்ணிலும் எழுத்திலும். 50 லட்சம் அல்லது அதற்கு மேல் விலை போனால் வாங்குகிறவர் ஒரு சதவீதத்தை டிடிஎஸ் என்ற வரியாக முன்கூட்டியே பிடித்து விற்கிறவரின் பான் எண்ணில் கட்ட வேண்டும்; அட்வான்ஸிலேயே 8,300 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பினார்கள். நாங்கள் சொல்லாமலே செய்தார்கள். முதல் ஆள் இந்தப் பேச்சையே எடுக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தன் பேரில் வாங்கப் போகிறவருக்குத்தானே அந்தக் கவலை வரும்.

ஐப்பசிக்குள் கிரையம் முடிந்தது. வங்கி டிடியை சார்பதிவாளர் அலுவலகத்து மரத்தடியில் வைத்து அக்கா இரண்டு தடவை படித்துப் பார்த்த பிறகுதான் உள்ளே போய்க் கைரேகை வைத்தாள். சாவியோடு மோட்டார் சுவிட்சின் கோளாறையும் சொல்லிக் கொடுத்தாள். நோட்டில் அவர்கள் வரிசையில் "முடிவு யார்" என்ற பத்தியில் "அந்தப் புள்ளதான்" என்று எழுதியிருக்கிறாள்.

தையில் ஃப்ளாட் பார்க்கப் போனோம். கவுண்டம்பாளையத்தில் இரண்டாவது மாடி, லிஃப்ட் உண்டு. விற்கிறவர் வயதானவர், தனியாக இருக்கிறார். அன்பாக உட்கார வைத்துக் காபி கொடுத்தார். பத்து நிமிடம் பேசிவிட்டு, "பிடிச்சிருந்தா ஒரு அம்பதாயிரம் டோக்கன் குடுத்துட்டுப் போங்க, வேற யாருக்கும் காட்டல" என்றார்.

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். "ஏனுங்ணா, எங்ககிட்ட ஒண்ணுமே கேக்கலீங்களே?"